முடித்தவனுக்கு இன்னும் பத்து வீடு

அன்று பத்து வீட்டுச் சோறு போனபடியே திரும்பி வந்தது.

மாலை நாலரை மணிக்கு வண்டியிலிருந்து தூக்குப் போசிகளை இறக்கும்போதுதான் வைத்திலிங்கத்துக்கு அது தெரிந்தது. கையில் எடுத்ததுமே கனம் சொல்லிவிட்டது. மூடியைத் திறந்தார். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அடுத்த போசியும் அப்படியே. பத்தையும் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூடி வைத்தார்.

அமராவதி ஆற்றங்கரையில் இருந்தது மரகதம் அம்மையின் மடம். மடம் என்று பெயர்தான். ஒரு சமையல்கூடம், அதை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை, அம்மை இருக்கும் ஓர் அறை. படுக்கையில் கிடப்பவர்கள், சமைத்துப் போட ஆளில்லாதவர்கள் என்று டவுனிலும் சுற்றுப்பட்டிலும் நூற்றெண்பது வீடுகளுக்கு அங்கிருந்து மத்தியானச் சாப்பாடு போகும். குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் ஆறு, ஆறு ஓட்டுநர்கள். ஆளுக்கு முப்பது வீடு.

அப்படிப் பிரித்தவர் வைத்திலிங்கம். வயது அறுபத்தொன்று. பஸ் ஓட்டியவர். மனைவி போனபின் வேலையை விட்டுவிட்டு அம்மையிடம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அம்மைக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. அவர் அம்மா என்பார், அவள் ஐயா என்பாள். அதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

ஆரோக்கியம் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான். ஆறு பேரில் எப்போதும் முதலில் முடிப்பவன் அவன்தான். கடைசியில் முடிப்பவன் தர்மலிங்கம்.

"ஏன்ப்பா?" என்றார் வைத்திலிங்கம்.

"போகலீங்க."

"போகலேன்னு தெரியுது. ஏன் போகல?"

"முடியலீங்க ஐயா."

"தர்மலிங்கம் முடியலைன்னு சொன்னா ஒத்துக்கலாம். நீ சொல்லலாமா? ஒண்ணே காலுக்கெல்லாம் முடிச்சுட்டு நிக்கறவன் நீ."

"அதனாலதானுங்களே தினமும் அவனோடதுல எனக்கு இன்னும் பத்து வீடு."

"அவன் பின்தங்கிப் போறான். சோறு போகாம இருக்க முடியுமா? பசிச்சவங்க காத்திருக்காங்கப்பா."

"ஒரு வருஷமா போயிட்டுத்தானுங்க இருந்தேன்." ஆரோக்கியத்தின் குரலில் கோபம் இல்லை. தூங்கி எழுந்தவன் பேசுவதுபோல இருந்தது. "இன்னிக்கும் போகத்தான் நினைச்சேன். போசியெல்லாம் அவன்கிட்ட வாங்கியும் வெச்சுட்டேன். வண்டியை எடுக்கக் கை வரலீங்க."

சாவியை வண்டியின் முகப்பில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தான். வைத்திலிங்கம் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தவன்போல வாசல்வரை மெதுவாகத்தான் போனான். வைத்திலிங்கம் கூப்பிடவில்லை. பத்துப் போசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மை அறை வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கான அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கம் எதிரில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அம்மா, அளந்துதான் பிரிக்கிறேன். ஒருத்தனுக்கு ஒரு வீடு கூட இல்ல, ஒருத்தனுக்கு ஒரு வீடு குறையவும் இல்ல. தூரம்கூடச் சரிபாத்துத்தான் போட்டேன். அப்புறமும் ஒருத்தன் ஓடறான், ஒருத்தன் ஊர்ந்து போறான். அதைக்கூட விட்டுடலாம். ஓடிட்டிருந்தவன் ஏன் நின்னான்?"

அம்மை ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"நாளைக்கு அந்த வண்டிக்கு யாருங்க ஐயா?"

"ஆள் பாக்கோணும்."

"நீங்க ஓட்டுவீங்களே."

"ஓட்டுவேன். அப்புறம் இங்க போனை யாரு பாக்கறது? யாரு எங்க நிக்கறாங்க, எந்த வீட்டை யாருக்கு மாத்தறதுன்னு..."

"நான் பாக்கறேன்."

"என் கேள்விக்கு அம்மா ஒண்ணும் சொல்லலீங்களே."

"எத்தனை மணிக்கு வண்டி கிளம்பும்?"

"பதினொண்ணு."

"சரிங்க ஐயா. போய்க் கை கால் கழுவுங்க."

மறுநாள் வைத்திலிங்கம் வண்டி எடுத்தார். ஸ்டியரிங் பிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும் கை மறக்கவில்லை. மறந்தது கால்தான். நிறுத்து, இறங்கு, பின்கதவைத் திற, போசியை எடு, படியேறு, நேற்றுப் போசியை வாங்கு, இறங்கு, ஏறு. ஆறாவது வீட்டில் சட்டை நனைந்தது. பதினைந்தாவது வீட்டில் முழங்கால் பேசத் தொடங்கியது. சில வீடுகளில் கதவு திறக்கவே ஐந்து நிமிடம் ஆனது. உள்ளிருந்து வருபவர் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தானே வர வேண்டும்.

முப்பதையும் முடித்தபோது மணி ஒன்று ஐம்பது. ஆரோக்கியத்தைவிட அரைமணி நேரம்தான் அதிகம். இந்த வயதில் பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன் அடித்தது.

"முடிஞ்சுதுங்களா ஐயா?"

"முடிஞ்சுதுங்கம்மா."

"நல்லதுங்க. தர்மலிங்கம் பின்னால நிக்கறாரு. அவரோடதுல அஞ்சு வீடு எடுத்துக்குங்க."

மனம் கோணாமல்தான் போனார். கோயில் வீதி முனையில் தர்மலிங்கம் வண்டியோடு நின்றிருந்தான். ஐந்து போசிகளை மாற்றிக் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் வைத்திலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சந்துகள் பிடிபட்டுவிட்டன. எந்த வீட்டில் முதலில் குரல் கொடுக்க வேண்டும், எங்கே சன்னலில் வைத்துவிட்டு வரலாம் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. ஓட்டமும் நடையுமாக ஒன்றரைக்கே முடித்தார்.

"முடிஞ்சுதுங்களா ஐயா?"

"முடிஞ்சுதுங்கம்மா. இன்னிக்கு வெரசா ஆயிருச்சு."

"ரொம்ப நல்லதுங்க. இன்னிக்குப் பத்து வீடு எடுத்துக்குங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டார். நேற்று ஐந்து, இன்று பத்து. நாளை இன்னும் வேகமாகப் போனால்? அந்த நினைப்பு வந்ததும், சீ என்று தலையை உதறிவிட்டு வண்டியை எடுத்தார்.

தர்மலிங்கத்தின் பத்தில் ஏழாவது வீடு சென்னியப்பனுடையது. மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். தனியாள். தகரக் கதவு சாத்தியிருந்தது, தாழில்லை. வைத்திலிங்கம் போசியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி," என்றார் கிழவர்.

"என்னங்க?"

"கை வராது."

அப்போதுதான் பார்த்தார். இரண்டு கைகளும் மடக்கினது மடக்கினபடி மடியில் கிடந்தன.

வைத்திலிங்கம் கை கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தார். ஊட்டினார். கிழவர் ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்றார். பாதியில் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"அது அடிக்குதுங்க," என்றார் கிழவர்.

"அடிக்கட்டும்."

"தர்மலிங்கம் தம்பிக்கும் இப்படித்தான் அடிக்கும். எடுத்துக் காதுல இடுக்கிக்கிட்டு, இதோ வந்துட்டேனுங்க ஐயா, இதோ வந்துட்டேனுங்க ஐயான்னு சொல்லிக்கிட்டே ஊட்டும்."

அந்த ஐயா தான்தான் என்று வைத்திலிங்கம் சொல்லவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினார்.

"இன்னொரு தம்பியும் வரும். அது பேசாது. ஆனா குழம்பு விட்டு நல்லாப் பிசையும். முந்தாநாள்தான் யாரும் வரல. அஞ்சு மணி வரைக்கும் கதவையே பாத்துட்டிருந்தேன்." கிழவர் தண்ணீருக்கு வாயைத் திறந்தார். குடித்துவிட்டுச் சொன்னார். "சரி, தம்பிக்கு உடம்புக்கு என்னமோன்னு நினைச்சுக்கிட்டேன்."

வெளியே வந்து பார்த்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

மாலையில் கொட்டகையில் தர்மலிங்கத்தைப் பிடித்தார்.

"சென்னியப்பனுக்கு ஊட்டோணும்னு ஏன்ப்பா என்கிட்டச் சொல்லல?"

தர்மலிங்கம் தயங்கினான். "எத்தனை வீடு முடிஞ்சுதுன்னுதானுங்க நீங்க கேப்பீங்க. அது ஒரு வீடுதானுங்களே."

"அந்த மாதிரி இன்னும் எத்தனை?"

"ஏழெட்டு இருக்குங்க. ஒரு அம்மாவை உக்கார வெச்சுட்டு வரோணும். ஒருத்தருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கோணும். ரெண்டு நிமிஷம் பேசாட்டி ஒரு பாட்டையா அழுதுடுவாருங்க." பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போலச் சொன்னான். "ஆரோக்கியத்துக்கு என் மேல கோவமுங்க. நியாயந்தானுங்க."

மூன்றாம் நாள் வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. வைத்திலிங்கம் இரவு முழுக்க முழங்காலில் தைலம் தேய்த்திருந்தார். வேகமாகப் போகக் கூடாது என்று நினைத்துத்தான் கிளம்பினார். ஆனால் பழகிய கால் கேட்கவில்லை. முப்பதாவது வீட்டு அம்மாள் காலிப் போசியை நீட்டியபோது மணி ஒன்று பத்து.

பின்கதவைச் சாத்தினார். வண்டியில் ஏறினார். போன் இன்னும் அடிக்கவில்லை. எதற்கென்று யோசிக்காமலே வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் மதிலோரம் வாகை மர நிழலில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

அடித்தது.

"முடிஞ்சுதுங்களா ஐயா?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முப்பது காலிப் போசிகள் அடுக்கியிருந்தன.

"இன்னும் நாலு வீடு இருக்குங்கம்மா," என்றார்.



"சரிங்க ஐயா."

போனைப் பக்கத்து இருக்கையில் குப்புற வைத்தார். இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். ஒருமுறை பணிமனைச் சுவரில் வண்டியை இடித்தபோது, யாரும் பார்க்காத வேளையிலும் தானே போய் எழுதிக் கொடுத்தவர். அம்மையிடம் இந்தப் பதினொரு வருடத்தில் உப்புக் குறைவு என்பதைக்கூட அவர் மறைத்ததில்லை.

அந்த மனிதர் நிழலில் உட்கார்ந்திருந்தார். மதில் மேல் ஓர் ஆடு நடந்து போனது. வியர்வை மெல்லக் காய்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. எங்கும் போக வேண்டியதில்லை. முதுகு தானாகவே இருக்கையில் சாய்ந்தது.

பிறகு அவரே போனை எடுத்து முடிந்துவிட்டது என்றார். அம்மை ஏழு வீடு சொன்னாள். போனார். சென்னியப்பனுக்கு ஊட்டினார். போன் அடிக்கவில்லை. தான் ஊட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது என்று அம்மைக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் நினைத்தார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் ஐந்து ஓட்டுநர்களையும் உட்காரச் சொன்னார். கரும்பலகையில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் முப்பது, முப்பது என்று அவர் கையால் எழுதியிருந்தது. அதை ஈரத்துணியால் அழித்தார்.

"எந்த வீட்டுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு சொல்லுங்கப்பா. எத்தனை வீடுன்னு வேண்டாம்."

 முதலில் ஓட்டுநர்களில் ஒருவனான பீர்முகமது, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை என்று ஒரு வீட்டைச் சொன்னான். அதன்பின் நிற்கவே இல்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். வருடக்கணக்காகத் தானே பிரித்துக் கொடுத்த தெருக்களைப் பற்றி அன்றுதான் கேள்விப்படுகிறவர்போல வைத்திலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் நடந்தே ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனார். அவன் வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் முகம் இறுகியது.

"சாவி கொண்டாந்தீங்களா? வேண்டாமுங்க ஐயா."

"கொண்டாரல." வைத்திலிங்கம் படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "மூணு நாளா உன் வண்டியை நான்தான் ஓட்டறேன்."

"சொன்னாங்க."

"இன்னிக்கு அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க, முடிஞ்சுதான்னு. முடிஞ்சிருச்சு. இன்னும் நாலு வீடு இருக்குன்னு சொன்னேன்."

ஆரோக்கியத்தின் கை கொடியிலேயே நின்றது.

"நீங்களா?"

"நான்தான்."

"நாலா சொன்னீங்க?"

"நாலு."

ஆரோக்கியம் திரும்பினான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "நான் மொதல் தடவை ரெண்டுன்னு சொன்னேனுங்க. அதுக்கே சாயங்காலம் உங்க முகத்தைப் பாக்க முடியலீங்க."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமுங்க. பொய் சொல்லிட்டு எங்கயாச்சும் நிக்கறது. அப்பத்தான் ஒரு டீ குடிக்க முடியும். போகப் போக அந்த டீயும் எறங்கல." சிரிப்பு போயிருந்தது. "அன்னிக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகல. அது மட்டும் நெஞ்சுல குத்திட்டேயிருக்குதுங்க. என்ன சொன்னாரு?"

"உனக்கு உடம்புக்கு என்னமோன்னு நினைச்சாராம்."

ஆரோக்கியம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"நாளைக்கு வர்றேனுங்க. பத்து வீடு போடுங்க, இருபது போடுங்க, காலையிலயே போட்டுருங்க. முடிஞ்சுதுன்னு நான் சொன்னா, அது முடிஞ்சதா இருக்கோணும்."

"இருக்கும்," என்றார் வைத்திலிங்கம்.

மடத்துக்குத் திரும்பியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மை ஆற்றுப் படியில் உட்கார்ந்து கழுவிய போசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கம் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து தானும் ஒரு துணியை எடுத்தார்.

"ஆரோக்கியம் நாளைக்கு வரானுங்கம்மா."

"நல்லதுங்க."

"வீட்டையெல்லாம் மாத்திப் பிரிக்கறோம். தர்மலிங்கத்துக்கு இருபத்திரண்டு. மத்தவங்களுக்கும் கூடக் குறையத்தான் வரும். அவங்களே பேசிப் பிரிச்சுக்கிட்டாங்க. அப்பவும் சென்னியப்பன் வீடு உள்பட நாலு வீடு மிச்சம் நிக்குது. அதுக்கு நான் போறேன்."

"ரெண்டுக்கு நீங்க போங்க. சென்னியப்பன் வீடு எனக்கு. பக்கத்து வீட்டையும் குடுங்க."

"அம்மா நடந்து போறதா?"

"எனக்குக் கால் இருக்குதுங்களே ஐயா."

போசிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. வைத்திலிங்கம் கையிலிருந்ததையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"ஆமாங்க."

"தெரியுமுங்களா?"

"நாலு வீடுன்னு சொன்னப்போ உங்க வண்டிச் சத்தம் கேக்கல. தெருச் சத்தமும் கேக்கல."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்காம விட்டீங்க?"

அம்மை துடைத்த போசியைக் கவிழ்த்து வைத்தாள். துணியைப் பிழிந்தாள்.

"பொய் சொல்லிட்டு என்ன பண்ணுனீங்க ஐயா?"

"உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"எப்படி இருந்துச்சு?"

வைத்திலிங்கம் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்று இப்போது கவனமாக யோசித்தார்.

"நல்லா இருந்துச்சுங்கம்மா," என்றார். "இங்க வந்ததுலருந்து அப்படி ஒரு நாளும் உக்காந்ததில்ல. அதான் என்னமோ போல இருக்குது. தப்புப் பண்ணிட்டு, அது நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன்."

அம்மை அவர் கையிலிருந்த போசியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்த இருபது நிமிஷத்தை நானே குடுத்திருக்கோணும் ஐயா. உங்களைத் திருட வெச்சுட்டேன்."